கடைசி நாற்காலி காலியாக இருந்தபோது

அந்த இசைக்குழுவில் அவளுக்குப் பெயர் கடைசி நாற்காலி. யாரும் கேலிக்காக வைத்த பெயர் இல்லை. மேடையின் இடது பக்கம் வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா, அந்த வரிசையின் வாலில், பக்கக் கதவை ஒட்டி, ட்ரம்பெட்காரர்களின் வாய்க்கு நேர் முன்னால் ஒரு நாற்காலி உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அதில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. வரிசையின் தலையில் இருப்பவரை முதல் நாற்காலி என்று கூப்பிடுகிற கூட்டம் இவளை வேறெப்படிக் கூப்பிடும்?

அந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. தப்பாக வாசித்தால் யாருக்கும் தெரியாது. ஒரு சங்கடமும் உண்டு. சரியாக வாசித்தாலும் தெரியாது. பின்னால் இருப்பவர்கள் ஊத ஆரம்பித்துவிட்டால் அவள் வாசிப்பது அவளுக்கே கேட்காது. வில் போகிறது, விரல் போகிறது, சத்தம் வந்ததா என்பதை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் மனதுக்குள் இல்லாமல் இல்லை.

இசைக்குழு அவளுக்குச் சாயங்கால வேலை. பகலில் அவள் அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாள். முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிகளும் கண் சோதிக்கிற எழுத்துப் பலகையும் அண்ணனின் அதிகாரமும். பின்பக்கம் லென்ஸ் தேய்க்கிற சின்ன அறை. அங்கே அவள் உட்கார்ந்து லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்ப்பாள், கடுகளவு திருகாணிகளை முடுக்குவாள், யார் காதுக்கு எவ்வளவு வளைக்க வேண்டுமோ அவ்வளவு வளைப்பாள். காலையில் வாடிக்கையாளர் வருவதற்குமுன் அதே அறையில் வயலின் பயிற்சி. வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. வீட்டுக்காரர் இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு விடியும்போது வந்து படுக்கிறவர்.

தினமும் அவள் வாசித்தது தன் பங்கை அல்ல. தன் பங்கில் என்ன இருக்கிறது, பக்கம் பக்கமாகப் பக்கவாத்தியம். அவள் வாசித்தது ஒரு பெரிய வயலின் கச்சேரிப் படைப்பில் வரும் தனி வயலினின் பங்கை. யாரும் அவளை அதை வாசிக்கச் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. சும்மா, ஆசைக்கு. அதில் ஒரு இடம் வரும். கீழேயிருந்து மெதுவாக ஏறி, ஏறி, இன்னும் ஒரு படிதான் பாக்கி என்கிற இடத்துக்குப் போகும். சரியாக அங்கே முன்பக்கமிருந்து அண்ணன் குரல் வரும்.

"தங்கச்சி, ஆள் வந்திருக்கு."

அவள் வில்லை இறக்கிவிட்டுத் திருகாணியைத் தேடுவாள். வருஷக்கணக்காக இதே கதை. கொஞ்சம் முன்னால் ஆரம்பித்துப் பார்த்தாள், வாடிக்கையாளர்களும் முன்னால் வந்தார்கள். வேகமாக வாசித்துப் பார்த்தாள், அண்ணனும் வேகமாகக் கூப்பிட்டார். அந்தக் கடைசிப் படிக்கு மேல் ஏறியதே இல்லை என்று சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறியிருக்கிறாள். ஆனால் வாரத்தில் ஆறு நாள் அந்த இடத்தில் நின்று நின்று, கைக்கே அது நிற்கிற இடம் என்று ஆகிவிட்டது.

அண்ணன் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் அவளை வயலின் வகுப்புக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். வயலின் பெட்டியை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, பந்து விளையாடப் போகிற சிநேகிதர்கள் கண்ணில் படாமல் சந்து சந்தாகச் சுற்றிப் போவார். வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருப்பார். உள்ளே பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வயலினை அறுப்பதை வாரம் இரண்டு நாள் கேட்ட மனிதருக்கு இசைமேல் என்ன மரியாதை மிஞ்சும்? பெரியவரானதும் இசை என்றாலே பல்லைக் கடிப்பார். ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எதிர் வரிசையில் புதிதாக ஒரு கண்ணாடிக் கடை வந்தது. அது இரவு ஒன்பது மணிவரை திறந்திருந்தது. அண்ணன் இரண்டு நாள் அந்தக் கடையின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நாமும் சாயங்காலம் திறக்கப்போகிறோம் என்றார். நாமும் என்றால் நீ என்று அர்த்தம். பெரிய எழுத்தில் அட்டைகூட எழுதி வாங்கி வந்துவிட்டார். ஒத்திகை எல்லாம் சாயங்காலத்தில்தான் என்று அவள் சொன்னாள். அண்ணன் அட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அங்க அத்தனை பேர் வாசிக்கறாங்க. நீ ஒருத்தி இல்லேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

கோபத்தில் கேட்டிருந்தால் அவளும் கோபித்துக்கொண்டிருப்பாள். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் வலித்தது. கடைசியில் அவள், ஒரு தடவை வந்து பாருங்க அண்ணா, பார்த்த பிறகும் இதையே கேட்டீங்கன்னா சாயங்காலக் கடையில் நான் உட்காருகிறேன் என்றாள். அண்ணன் உடனே சம்மதித்தார். இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அட்டை கல்லாவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டது.

அந்த மாதக் கச்சேரிக்கு வெளியூரிலிருந்து, மேடையில் முன்னால் நின்று கையசைத்து வாசிக்க வைக்கிற ஒரு பெரிய நடத்துநர் விருந்தாளியாக வருவதாக இருந்தது. கண்டக்டர் வருகிறார் என்று அவள் சொன்னபோது, டிக்கெட்டை அவரே கிழித்துக் கொடுப்பாரா என்று அண்ணன் கேட்டார். இந்த நகைச்சுவையை அவர் அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சொல்லி வருகிறார். கூடவே தனி வயலின் வாசிக்க ஒரு பிரபலமான பெண்மணியும் வருகிறார் என்றும், வாசிக்கப்போவது இன்ன படைப்பு என்றும் அறிவிப்பு வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது பின்னறையில் தினமும் அவள் பாதியில் நிறுத்துகிற அதே படைப்பு.

விருந்து நடத்துநர் குட்டையான மனிதர். தலைமுடிக்கு மட்டும் இன்னொரு ஆளின் உயரம். முதல் ஒத்திகையில் அவர் பாதி நேரம் கையை வீசவே இல்லை, பேசினார். சத்தம் எழுப்ப எல்லாராலும் முடியும், மௌனத்தை வாசிக்கத்தான் ஆள் இல்லை என்றார். முதல் பகுதி இடி மாதிரி முடிந்ததும் தன் இரண்டு கைகளும் மேலேயே நிற்கும், அது கீழே இறங்கும்வரை மேடையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது, அந்த மௌனத்துக்காகத்தான் மக்கள் தன் கச்சேரிக்கு வருகிறார்கள் என்றார். ஜலதோஷம் பிடித்திருந்த முரசுக்காரரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவர் மறுநாள் ஒரு அட்டை மாத்திரையோடு வந்தார்.

இரண்டாவது ஒத்திகையில் நடத்துநர் சட்டென்று நிறுத்தி, அவள் இருந்த மூலையைப் பார்த்து, கொஞ்சம் குறைத்து வாசியுங்கள் என்றார். அவளுக்குக் காது சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் குறைக்கவும் சொன்னதில்லை, கூட்டவும் சொன்னதில்லை. மறுநாள் வீட்டுக்காரர் தூங்கி எழுந்ததும் முதல் செய்தியாக அதைச் சொன்னாள். திட்டினாரா என்று அவர் கவலையாகக் கேட்டார். இல்லை, நான் வாசிப்பது அவருக்குக் கேட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, தோசைக்கல்லைத் துடைக்கிற சாக்கில் சிரித்துக்கொண்டாள். அடுத்த ஒத்திகையில் நடத்துநர் மறுபடியும் நிறுத்தி, ட்ரம்பெட், உங்களிடம்தான் நேற்றே சொன்னேனே என்றார். வீட்டுக்காரரிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

அதே ஒத்திகையில் நடத்துநர் பக்கக் கதவின் மேலும் பாய்ந்தார். திறக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. கதவைப் பார்த்துக்கொள்கிற பெரியவரை மேடைக்கே வரவழைத்து, என் மௌனத்துக்குள் இந்தக் கதவு பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பெரியவர் எண்ணெய் விட்டுப் பார்த்தார், கீச்சொலி இன்னும் வளமானது. கடைசியில் நிகழ்ச்சித்தாள் ஒன்றை மடித்துக் கீழே செருகி, ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத் திறந்தபடியே கதவை நிறுத்திவிட்டார். மூடாத கதவு கீச்சிடாது அல்லவா? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். முதல் நாற்காலிக்காரர் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர். அவருடைய பெரிய பயம், தனியாக வாசிப்பவரின் தந்தி மேடையில் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்பது. அதற்கு உலகம் முழுக்க ஒரு முறை இருக்கிறது. தனி வயலின்காரர் அறுந்த வயலினை முதல் நாற்காலியிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கி வாசிப்பைத் தொடர்வார். முதல் நாற்காலி, அறுந்ததைப் பின்னால் கொடுத்து, பின்னால் இருப்பவரின் நல்ல வயலினை வாங்கிக்கொள்வார். இப்படியே கைமாறி, அறுந்த வயலின் கடைசி நாற்காலிக்கு வந்து சேரும். கடைசி நாற்காலி அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் புதுத் தந்தி மாட்டிக் கொண்டுவர வேண்டும். வில்லை மட்டும் அவரவரே வைத்துக்கொள்வார்கள். ஒருவர் வெளியே போனால் குறையாத இடம் எது என்று உலகம் முழுக்க யோசித்து எடுத்த முடிவு அது.

முதல் நாற்காலிக்காரர் இதற்கு வருஷா வருஷம் பயிற்சி நடத்துவார். நல்ல வயலின்களைக் கைமாற்றினால் கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில், வயலினுக்குப் பதில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டார். டப்பா முன்னாலிருந்து கிளம்பும். தீப்பிடித்த வீட்டுக்கு வாளி போகிற மாதிரி கை மாறி கை மாறி அவளிடம் வரும். அவள் அதை எடுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போய், ஒரு பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பி வருவாள். எல்லாரும் கைதட்டுவார்கள். இதில் ஒரு ஓட்டை இருந்ததை அத்தனை பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னதாக அவள் தன் நாற்காலியின் மேல் சிவப்புப் பையை வைத்துவிட்டு, அரங்கம் முழுக்க ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து பார்த்தாள். முன் வரிசையிலிருந்து பார்த்தால் முதல் நாற்காலிக்காரரின் முதுகு மறைத்தது. நடு வரிசையில் நடத்துநர் நிற்கும் மேடை மறைத்தது. வலது பக்க மாடியில், ஒரு தூணை ஒட்டிய இரண்டு இருக்கைகளிலிருந்து மட்டும் பை தெரிந்தது. அந்த இரண்டையும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாங்கினாள். அண்ணன் கடையிலிருந்து ஒரு பைனாகுலரை எடுத்துக்கொண்டார். விற்பனைக்கு வைத்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

கச்சேரி தொடங்கியது. தனி வயலின் வாசித்த அம்மாள் நல்ல வாட்டசாட்டமான பெண்மணி, பச்சை உடை. வில்லை அவர் வயலின் மேல் வைத்த விதத்தைப் பார்த்ததுமே முதல் நாற்காலிக்காரருக்கு வியர்த்துவிட்டது. அவர் பயந்தது வீண்போகவில்லை. முதல் பகுதி பாதி தாண்டியிருக்கும், ஒரு வேகமான இடத்தில் டப் என்று ஒரு சத்தம். மெல்லிய தந்தி அறுந்து காற்றில் சுருண்டது.

அந்த அம்மாளுக்கு இது பழகிப்போன விஷயம் போலிருக்கிறது. கண்ணிமைக்கிற நேரத்தில் தன் வயலினை முதல் நாற்காலியிடம் நீட்டி, அவருடையதைப் பிடுங்கி, ஒரு வரிகூடத் தவறாமல் தொடர்ந்தார். முதல் நாற்காலிக்காரர் அறுந்த வயலினைப் பின்னால் கொடுத்தார். பின்னால் இருந்தவர் அதை வாங்கித் தனக்குப் பின்னால் கொடுத்தார். அவரும் அப்படியே. அத்தனை வருஷப் பயிற்சி வீணாகுமா? டப்பா வந்த மாதிரியே வயலின் வந்தது, வேகமாக, அழகாக, ஒரு கையும் தடுமாறாமல். டப்பாவை வாங்கினால் பின்னால் கொடுக்க வேண்டும் என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். தன்னுடையதை முன்னால் கொடுக்க வேண்டும் என்பதை டப்பா சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாற்காலிக்காரர் பின்பக்கமாகக் கையை நீட்டியபடி காத்திருந்தார். அந்தக் கையில் யாரும் எதையும் வைக்கவில்லை.

இதையெல்லாம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மடியில் இரண்டு வயலின் இருந்தது. தன்னுடையதை நாற்காலியில் வைத்தாள். வில்லையும் அந்த அம்மாளின் வயலினையும் எடுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியேறினாள். அவள் பயந்தது அந்த வயலினுக்காக இல்லை. அண்ணன் இப்போது பைனாகுலரில் என்ன பார்த்துக்கொண்டிருப்பார்? தங்கச்சி வாசிப்பதைப் பார்க்க வந்தார், தங்கச்சி எழுந்து போவதைப் பார்க்கிறார். மேடையில் ஒன்றும் நிற்கவில்லை. அவள் இல்லாமல் எல்லாம் ஜாம்ஜாமென்று நடக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதிலை அவரே ஏற்பாடு செய்திருக்க முடியாது. போச்சு, எல்லாம் போச்சு என்று சொல்லிக்கொண்டே, கதவுக்கு நேரே இருந்த ஒப்பனை அறைக்குள் நுழைந்தாள்.

அந்த அம்மாளின் பெட்டியில் மாற்றுத் தந்தி இருந்தது. திருகாணி முடுக்கிய கைக்குத் தந்தி மாட்டுவது பெரிய காரியமில்லை. மாட்டி, முறுக்கி, சுருதி பார்த்தாள். புதுத் தந்தி இழுபட்டு இறங்கும், வாசித்து வாசித்துத்தான் அதை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மேடைப் பக்கமிருந்து முதல் பகுதியின் முடிவு முழங்கிக்கொண்டிருந்தது. பக்கக் கதவு மூடியிருக்கும், மேடையில் இடி இடிக்கிறது, யாருக்குக் கேட்கப்போகிறது என்று வில்லை வைத்து இழுத்தாள்.

சத்தம் வந்தது. நம்பி எடுத்துக்கொள்ள வேண்டிய சத்தம் இல்லை, நிஜமாக வந்தது. முதுகுக்குப் பின்னால் ட்ரம்பெட் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. இது நானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தன்னை அறியாமல் அந்த இடத்தை வாசிக்க ஆரம்பித்தாள். கீழேயிருந்து மெதுவாக ஏறி, ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஒரு படிதான் பாக்கி என்கிற இடத்துக்கு வந்தாள். கை பழக்கப்படி நின்றது.

அண்ணன் குரல் வரவில்லை. வேறெந்தச் சத்தமும் வரவில்லை. முழக்கம் எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தாள். அறை வாசலில் கதவுப் பெரியவர் டீ தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே நிறுத்தியிருந்தார்.

"அம்மா," என்றார் பெரியவர், குரலே எழாமல். "கதவு தொறந்திருக்கு."

நடத்துநரின் மௌனம் அது. அவர் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிற மௌனம். அதன் நட்டநடுவில்தான் அவள் வாசித்து முடித்திருந்தாள், முடிக்கக்கூட இல்லை, பாதியில் விட்டிருந்தாள். கதவின் இடுக்கு வழியாக நடத்துநரின் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. மேலேயே நின்றன. இறக்கினால் ஏதோ தவறு நடந்தது என்று ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, இறக்கவே இல்லை. அப்புறம் மெல்ல இறங்கின. அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது.

அவள் மேடைக்குப் போய் வயலினைக் கொடுத்தாள். பச்சை உடை அம்மாள் அதை வாங்கிக்கொண்டு, முதல் நாற்காலிக்காரரின் வயலினைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அதைக் காணாமல் போன பிள்ளை கிடைத்த மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் தன் மூலைக்குத் திரும்பி, நாற்காலியிலிருந்த தன் வயலினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிச்ச இரண்டு பகுதிகளையும் வழக்கம்போல் வாசித்தாள். ட்ரம்பெட்கள் வழக்கம்போல் அவளை மூடின. அன்று அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

இடைவேளையில் முதல் நாற்காலிக்காரர் அவளைத் திட்டுவதற்கென்றே வந்தார். ஆனால் ஒப்பனை அறை வாசலில் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் நடத்துநரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். மௌனத்துக்குள் தூரத்திலிருந்து ஒரு வயலினை வரவைத்தீர்களே, அந்த யோசனை எப்படித் தோன்றியது என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நடத்துநர் ஒரு விநாடிதான் யோசித்தார். பிறகு, சில விஷயங்கள் தானாகத் தோன்றும் என்று அடக்கமாகச் சொன்னார். இதற்கு மேல் யாரைத் திட்டுவது? முதல் நாற்காலிக்காரர் வந்த வழியே திரும்பினார்.

பச்சை உடை அம்மாள் மட்டும் அவளைத் தேடி வந்தார். தந்தி நன்றாக மாட்டியிருக்கிறது என்றார். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அது சரி, ஏன் பாதியில நிறுத்துனீங்க?"

கடையில் ஆள் வந்துவிடும் என்று எப்படிச் சொல்வது? அவள் டப்பாவை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த அம்மாள் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது அண்ணனைக் காணோம். கூட்டத்தில் அண்ணி மட்டும் நின்றிருந்தார். அவர் வண்டியை எடுக்கப் போயிருக்கிறார், ஒன்றுமே பேசவில்லை என்றார் அண்ணி. அண்ணிக்கு வேறு ஒரு சந்தேகம் பெரிதாக இருந்தது. முன்னால் ஒருவர் ரொம்ப நேரம் கையில் வயலினே இல்லாமல், வில்லை மட்டும் ஆட்டிக்கொண்டு, தலையை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவர் என்ன மேற்பார்வையாளரா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அன்று அண்ணன் ஒன்றும் பேசவில்லை என்ற ஒன்றுதான் காதில் நின்றது.

மறுநாள் காலை அவள் சீக்கிரமே கடைக்கு வந்தாள். பழக்கத்தில் வயலினையும் கொண்டுவந்துவிட்டாள், ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. தோற்றால் தோற்றதுதான், வாக்குக் கொடுத்தாயிற்று. கல்லாவுக்குப் பின்னாலிருந்த அட்டையைத் தானே எடுத்து, துணியால் துடைத்து, எந்த ஜன்னலில் மாட்டலாம் என்று பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே வந்தார். பைனாகுலரை அதன் இடத்தில் வைத்தார். விலைச்சீட்டை நேராக்கினார். அட்டையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"நேத்து நீ எந்திரிச்சுப் போனே," என்றார்.

ஆமாம் என்றாள்.

"உன்னைத் துரத்திட்டாங்கன்னு நினைச்சேன். கீழ இறங்கிப்போய் நாலு வார்த்தை கேக்கலாம்னு எந்திரிச்சேன், உங்க அண்ணிதான் கையைப் பிடிச்சு உக்கார வச்சா. அதுக்கப்புறம் அந்த நாற்காலியையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். காலியா, மேல உன் வயலின் மட்டும். மத்தவங்க என்ன வாசிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். அண்ணன் கல்லா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"திடீர்னு எங்கிருந்தோ அது வந்துச்சு. என் பக்கத்துல இருந்தவர் கண்டக்டர் ஏற்பாடுன்னாரு. போய்யா, அது என் தங்கச்சின்னு சொன்னேன். எப்படிச் சொல்றீங்கன்னாரு. நின்ன இடத்தை வச்சுத்தான். அங்கதானே நான் தினமும் கூப்பிடுவேன்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டில் எதையும் காட்டாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அண்ணன் அதைப் பார்க்காமல் எதிர்க் கடையைப் பார்த்தார். சாயங்காலம் அவர்களே திறந்துகொள்ளட்டும், ஊரில் எல்லாருக்கும் ராத்திரியிலா கண் தெரியாமல் போகிறது என்றார். பிறகு ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுக்கு மேல அது எப்படிப் போகும்?"

அவள் பின்னறைக்குப் போகவில்லை. எழுத்துப் பலகைக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றே பெட்டியைத் திறந்து, வயலினை எடுத்தாள். கீழேயிருந்து ஆரம்பித்தாள். மெதுவாக ஏறி, ஏறி, இன்னும் ஒரு படிதான் பாக்கி என்கிற இடத்துக்கு வந்தபோது கடைக் கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அவள் வில் தயங்கியது.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க," என்றார். "கொஞ்ச நேரம் ஆகும்."